காரணம்: மழை

துறைமுகம் மூடியிருக்கிறது என்று
சாக்கட்டியால் எழுதிப்போட்டிருந்தார்கள்.
பாதிக்குமேல் கரைந்து பலகையிலிருந்து ஒழுகிவிட்டது.
யாரும் திருப்பி எழுதவில்லை.
எல்லோருக்கும் தெரிந்த செய்திதானே.

ஹோட்டலுக்கு ஒரு பெயர் உண்டு.
கேட்டால் "எர்மிந்தா வீடா?" என்கிறார்கள்.
பதினான்கு மரக்கால்களில் கடலுக்குள் இறங்கி நிற்கிறது.
ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து
கட்டிலுக்கு நேர் கீழே தட்டும்,
கடனைத் திருப்பிக் கேட்க வந்தவன் மாதிரி
கோபமில்லாமல், விடாமல்.
பக்கத்துப் படகுத்துறையில் கடற்சிங்கங்கள்
இரவெல்லாம் ஏப்பம் விடும்.

நான் இதே சீலேயின் வடக்குக்கோடி,
பாலைவனத்துச் சுரங்க ஊர்க்காரன்.
என் அம்மா குடையைப் பார்த்தது சினிமாவில்.
தராசுகளைச் சோதிப்பது உத்தியோகம்.
வெல்வெட் குழிகளில் பித்தளைப் படிக்கற்கள்,
ஒரு கிராமிலிருந்து இரண்டு கிலோ வரை.
அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி இடதுதோள் இறங்கிவிட்டது.
தராசுக்காரனே சாய்ந்து நடக்கிறான் என்று
மீன் ஆலையில் சிரித்தார்கள்.

இங்கே எதைக் கேட்டாலும் மழை.
பள்ளி இல்லையா? மழை.
பாதிரியார் வரவில்லையா? மழை.
ரொட்டி ஏன் உப்பவில்லை? மழை.
ஓசியேலின் மனைவி மார்ச்சில் தன் தீவுக்கே போய்விட்டாளாம்.
அதற்கும், தோளைக் குலுக்கி,
மழை.

போர்வைகள் அடுப்புக்கு மேலே காய்ந்து
புகைத்த மீனின் வாசனையோடு வரும்.
காலுக்குச் சூடான செங்கல் ஒன்று,
பழைய செய்தித்தாளில் சுற்றி.
தேர்தல் முடிவுகள் பாதத்தில் ஒட்டிக்கொண்டன.

மூன்றாம் நாள் மாலை
சமையலறைப் பின்படியில் முக்குளிப்பவர்கள் ஏறிவந்தார்கள்,
காற்றுக்குழாயைக் கடித்த தடம் உதட்டில் மாறாமல்.
சாக்குகளில் கடல்முள்ளெலிகள்,
இன்னும் முள்ளசைத்துக்கொண்டு.
உத்தரத்தில் தொங்கிய சுருள்வில் தராசில்
எர்மிந்தா ஒவ்வொரு சாக்காக மாட்டினாள்.
உள்ளே ஆயிரம் முள்.
வெளியே ஒரே ஒரு முள்,
விலை சொல்வது அது.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
இரண்டு கிலோ கல்லை எடுத்துப்போய்த் தொங்கவிட்டேன்.
ஒன்று எண்ணூற்றைம்பதில் நின்றது.
தட்டினேன். அங்கேயே நின்றது.
வில்லை உப்புக்காற்று தின்றிருக்கிறது.

"தெரியும்."
வாசலில் அவள், வெறுங்காலோடு,
தலைமுடியை அவிழ்த்துவிட்டு.
"அதனால்தான் அவர்களுக்குச் சூப்பில் இரண்டாம் கரண்டி.
ஜூலையில் கடன் எழுதுவதில்லை.
சின்ன நவெல்கின் கைமுறிந்து கிடந்தானே, இரண்டு மாசம்,
எட்டாம் நம்பர் அறையில்."
பிறகு, என்னிடமா தன்னிடமா தெரியவில்லை:
"கரண்டியைச் சோதிக்க யாரும் வருவதில்லை."

அவள் போய்ப் படுத்தாள்.
நான் படுக்கவில்லை.
கிலோவுக்கு எழுபத்தைந்து கிராம், ஒன்பது வருஷம்,
எத்தனை கரண்டி, எத்தனை குளிர்காலம் என்று
செய்தித்தாள் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
கிட்டத்தட்ட நேராகத்தான் வந்தது.
கிட்டத்தட்ட என்ற சொல்லுக்கு
எங்கள் படிவங்களில் கட்டம் கிடையாது.
ஓசியேலுக்கு யாரும் சொல்லவில்லை
சூப்பை அவன் விலைக்கு வாங்குகிறான் என்று.

நான் சொல்லியிருக்கலாம்.
மறுநாள் அவன் எனக்கெதிரே உட்கார்ந்து
முள்ளெலியின் ஆரஞ்சு நாக்குகளை
எலுமிச்சை பிழிந்து வழித்துத் தின்றான்.
உப்பை நகர்த்தச் சொன்னான். நகர்த்தினேன்.

ஏழாம் நாள் காலை படகு வந்தது.
மழை நிற்கவில்லை, படகுக்குப் பழகிவிட்டது போல.
ஈரக்கையால் படிவம் நிரப்பினேன்.
மீன் ஆலை: மூன்று தராசு, சரி.
தபால் நிலையம்: ஒன்று, சரி.
ஹோட்டல் சமையலறை: சோதிக்கப்படவில்லை.
காரணம்:

எர்மிந்தா படகுத்துறை வரை வந்தாள்,
பெட்டியின் மறுகாதைப் பிடித்தபடி.
அன்றைக்கு மட்டும் நேராக நடந்தேன்.
நீட்டிய ரசீதைப் படகில் ஏறியபின்தான் விரித்தேன்.
தங்கியது ஆறு இரவு.
எழுதியிருந்தது ஐந்து.

அந்த ஓர் இரவை
கால்வாய் நெடுகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவந்தேன்.
ஈரமாக இருந்தது.
ஈரமானதை நிறுக்கக்கூடாது என்று
விதிப்புத்தகத்தில் நாலாம் பக்கத்திலேயே இருக்கிறது.